கல்லிலிருந்து கடல் வரை

அந்தப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியாராகச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைகிறேன், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஓர் அம்மாள். ட்ராக் பேன்ட், மேலே ஆம்பளைச் சட்டை, கழுத்தில் விசில். திரையில் ஒருத்தன் பள்ளிக்கூட கேட்டிலிருந்து நடந்து வருகிறான். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், முகமெல்லாம் எண்ணெய். யாருடா இந்த அசடு என்று உற்றுப் பார்த்தால், நான்!

"இன்னா தெரியுது?" என்று கேட்டார் அந்த அம்மாள். என்னை இல்லை, பிள்ளைகளை.

"மிஸ், சாருக்கு ரைட் கால் வெளியே திரும்புது மிஸ்."

"பை மாட்டுன பக்கம் தோளு எறங்கிடுது மிஸ்."

"சார் தரையையே பார்த்துகினு வராரு மிஸ்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டுங்க என்னைப் படம் புடிச்சீங்க?" என்று கத்தியேவிட்டேன். பிள்ளைகள் கப்சிப். அந்த அம்மாள் மட்டும் அசரவில்லை.

"கேட்டிருந்தா நீங்க ஒழுங்கா நடந்திருப்பீங்களே சார். அப்புறம் பசங்க இன்னாத்த கத்துக்குவாங்க?" என்றார். "நம்பலைன்னா வெளியே போயி உங்க செருப்பத் திருப்பிப் பாருங்க."

லேபுக்குள் செருப்போடு வரக்கூடாது என்பது நானே போட்ட சட்டம். வாசலில் கிடந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். வலது செருப்பின் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. முப்பது வயதுவரை என் காலைப் பற்றி எனக்குத் தெரியாததை ஓர் எட்டாங்கிளாஸ் வாண்டு சொல்லிவிட்டதே என்று அப்படியே நின்றுவிட்டேன்.

அவர்தான் எங்கள் பி.டி. மிஸ். உடற்பயிற்சி ஆசிரியை. அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, மாணவர்கள் முதல் வாட்ச்மேன் வரைக்கும் பி.டி. மிஸ்தான். வீடு கோவளத்தில். நான் ஊரப்பாக்கத்தில் ரயிலைப் பிடித்து, செங்கல்பட்டில் இறங்கி, பஸ் மாறி, சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிருக்கும். அவரோ கடற்கரைச் சாலை பஸ்ஸில் வந்து இறங்கி, அசெம்பிளிக்கு முன்பே பிள்ளைகளைக் கடற்கரையில் ஓடவிட்டு, அவர்கள் கால் மணல் முழுவதையும் என் லேபுக்குள் கொண்டுவந்து கொட்டியிருப்பார். கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பொலபொலவென்று மணல் விழும்.

"இது கம்ப்யூட்டரா, கடலை வறுக்கிற சட்டியா மிஸ்?" என்று நான் சண்டைக்குப் போவேன்.

"மண்ணத் தட்டிட்டா போச்சு. இதுக்கு ஏன் சார் இவ்ளோ பேஜாரு?" என்பார்.

அவரிடம் ஒரு வினோதமான பிடிவாதம் இருந்தது. எதையும் வாயால் சொல்லித் தரமாட்டார். காலை இப்படி வை, கையை அப்படி வீசு என்று ஒரு வார்த்தை கிடையாது. படம் எடுப்பார், கம்ப்யூட்டரில் போடுவார், மெதுவாக ஓடவிடுவார், "இன்னா தெரியுது?" என்பார். பிள்ளைகள் கண்டுபிடிக்கும்வரை பீரியட் முடிந்தாலும் விடமாட்டார். நான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், "நீங்களே சொல்லிட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடுமே?"

"நான் சொன்னா அது என் பேச்சு. நாளைக்கு மறந்துடுவான். அவனே பார்த்துட்டா மறக்க முடியாது சார்."

இந்தப் பழக்கம் கம்ப்யூட்டர் வந்த பிறகு பிடித்தது இல்லையாம். தொண்ணூறுகளிலேயே உண்டு என்று பழைய வாத்தியார்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். ஒரு விளையாட்டு விழாவுக்கு எங்கள் தாளாளர் செங்கல்பட்டிலிருந்து கல்யாண வீடியோக்காரர் ஒருவரை வரவழைத்திருக்கிறார். அடுத்த வாரம் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஊர்ப் பெரிய மனிதர்களை உட்காரவைத்து கேசட்டைப் போட்டால், ஒரு மணி நேரமும் வெறும் கால்கள்! ஓடுகிற கால், தாண்டுகிற கால், புழுதி கிளப்பி விழுகிற கால். தாளாளர் மாலை வாங்கியதும் இல்லை, உரையாற்றியதும் இல்லை. வீடியோக்காரரை மிஸ் முதல் நாளே தனியாகப் பிடித்துச் சொல்லிவைத்திருந்தார். தாளாளருக்கு முகம் கறுத்துவிட்டதாம். ஆனால் அந்த கேசட்டைப் பார்த்துப் பார்த்துத் தாண்டிய பையன்கள் மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கி வந்ததால் மிஸ் தப்பித்தார்.

தாளாளர், அதாவது மிஸ் வாயில் 'கரஸு', என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். மிஸ்ஸுக்கு நிரந்தர வேலை கிடையாது. வருஷா வருஷம் ஏப்ரலில் தாளாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு, "ஜூன்ல வந்துடுங்கம்மா" என்று சொன்னால்தான் அடுத்த வருஷம் உண்டு. மிஸ்ஸின் மகள் அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் இல்லை. அந்த ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது. ஏப்ரல் நெருங்க நெருங்க அவர் முகத்தில் ஒரு பதற்றம் வந்துவிடும். அந்த மாதத்தில் மட்டும் என் கீபோர்டில் மணல் இருக்காது.

பயம் இருந்தவர் அடங்கி இருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. மாமல்லபுரத்துக்குப் பெற்றோர்களோடு ஒரு சுற்றுலா போனோம். எங்கள் பள்ளியில் அணு ஆராய்ச்சி ஆபீஸ்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, குப்பத்துப் பிள்ளைகளும் உண்டு, காலனிப் பிள்ளைகளும் உண்டு. எல்லாரும் சவுக்கு நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். மிஸ் வழக்கம்போல அந்தச் சின்ன டிஜிட்டல் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். சுனாமிக்குப் பிறகு யாரோ ஒரு தொண்டு நிறுவனத்தார் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போன கேமரா அது.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சுற்றுலாப் படங்கள் என்று சொல்லி ப்ரொஜெக்டரைப் போட்டார். எல்லாரும் ஆசையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் படம், பெரிய ஆபீஸர் ஒருவர் பேப்பர் தட்டைச் சுருட்டி அலைக்குள் வீசுகிறார். அடுத்த படம், ஓர் அம்மாள் பிளாஸ்டிக் பையை மணலுக்குள் காலால் தள்ளி மூடுகிறார். அதற்கடுத்து என் படம், தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் துப்புகிறேன். கடைசிப் படம் நாங்கள் போன பிறகு எடுத்தது. ஒரு நாய் அந்தத் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது.

"இன்னா தெரியுது?" என்றார் மிஸ், பிள்ளைகளைப் பார்த்து.

சபையில் வைத்து இப்படியா மானத்தை வாங்குவது! பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து, "அது எங்க அப்பா மிஸ்" என்றார்கள். தாளாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஜூனில் பார்க்க முடியாது என்று சொல்லியிருக்கிறார். வெளியே வந்த மிஸ், "பேசும்போது கரஸு நிக்கற நிப்பே சரியில்ல சார். இடுப்பு வலி இருக்கும் போல" என்றார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை நடையைச் சொல்ல வேண்டும்.

டச்சுக்காரன் கோட்டையைத் தாண்டிப் போனால் குப்பம். குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பு, அதற்கு முன்னால் ஒரு நீண்ட மணல்மேடு. சுனாமி அன்றைக்கு அந்த மேடு இருந்த பக்கத்து வீடுகள் தப்பின, மேடு இல்லாத பக்கம் போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்த ஜனங்கள்தான். ஆனாலும் கொஞ்ச காலத்திலேயே அதே மேட்டை வெட்டி லாரியில் அள்ள ஆரம்பித்துவிட்டார்கள். கடற்கரைச் சாலை நெடுக விடுதிகளும் வீடுகளும் எழும்பிக்கொண்டிருந்தன, எல்லாவற்றுக்கும் மண் வேண்டும். மண் எடுத்த காண்ட்ராக்டர் குப்பத்துக்குக் கல்யாண மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். கடல் கொண்டுபோகிற மண்ணைக் கடலே திருப்பிப் போட்டுவிடும் என்று எல்லாரும் சமாதானம் பேசிக்கொண்டார்கள்.

மேட்டை வெட்டினால் கடல் உள்ளே வருமா வராதா? பிள்ளைகள் கேட்டார்கள். மிஸ் பதில் சொல்லவில்லை. "அளந்து பார்த்துடலாம்" என்றார்.

கரையில் பழைய எல்லைக்கல் ஒன்று உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், வலைக்காரர்களிடம் நீர் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு, மிஸ் அந்தக் கல்லிலிருந்து தண்ணீர் வரைக்கும் நடப்பார். பிள்ளைகள் அவர் காலடிகளை எண்ணுவார்கள். ஒரு பிள்ளை குறிப்பிட்ட ஒரு சவுக்கு மரத்தில் சாய்ந்து நின்று அதைப் படம் பிடிக்க வேண்டும். அந்தப் படமேதான் நடைப் பயிற்சிக்கும் பாடம். குதிகால் எப்படி இறங்குகிறது, கை எப்படி வீசுகிறது, முதுகு எப்படி நிற்கிறது, எல்லாம் அதில் பார்க்கலாம். ஒரே படத்தில் விளையாட்டு பீரியடும் சுற்றுச்சூழல் பீரியடும் முடிந்துவிடும்.

"டேப் வெச்சு அளக்கக்கூடாதா மிஸ்?" என்று நான் கேட்டேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் நடைப் போட்டியில ஸ்டேட் வரைக்கும் போனவ சார். என் ஸ்டெப்பு எங்க வெச்சாலும் ஒரே ஸ்டெப்பு. டேப்பு உப்புக்காத்துல துருப்புடிக்கும். என் காலு துருப்புடிக்குமா?"

அது வெறும் ஜம்பமில்லை. அவர் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மணலில் பதிந்த தடங்களைப் பிள்ளைகள் குச்சி வைத்து அளந்தால் ஒவ்வொன்றும் அச்சு அசலாக ஒரே இடைவெளி. வாய்பிளந்து நின்றிருக்கிறேன்.

எண்ணிக்கையை நான் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடமாக்கினேன். வாரத்துக்கு ஒரு தூண். வாரங்கள் போயின, மாதங்கள் போயின, தூண்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. கடல் நகரவே இல்லை! ஒரு வருஷத்துக்கு மேல் லாரி ஓடியும் கரை அப்படியே இருக்கிறது! பிள்ளைகள் அந்த வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, 'நம் கடற்கரை நலமாக உள்ளது' என்று தலைப்புப் போட்டு ஹாலில் மாட்டினார்கள். பள்ளி ஆண்டு மலரில் முழுப் பக்கத்துக்கு அச்சடித்தோம். தாளாளர் முதல் தடவையாக மிஸ்ஸைப் பாராட்டிப் பேசினார்.

மிஸ்ஸுக்கு மட்டும் திருப்தி இல்லை. "கண்ணுக்கு வேற மாதிரி தெரியுதே சார்" என்று ஒருதடவை முணுமுணுத்தார். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. என் கவலையெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைப் படங்கள் கம்ப்யூட்டரில் அடைத்துக்கொண்டிருந்த இடம். பழையதை அழிக்கலாமா என்று கேட்டால் சீறுவார்.

பள்ளியில் நடக்கவிருந்த கண்காட்சிக்காக நான்தான் ஒரு யோசனை சொன்னேன். முதல் வெள்ளிக்கிழமைப் படத்தையும் கடைசி வெள்ளிக்கிழமைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் கரை மாறாதது எல்லாருக்கும் பளிச்சென்று தெரியுமே! லேபில் வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தது. இரண்டு படங்களையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டேன். இரண்டு மிஸ்கள் கல்லிலிருந்து புறப்பட்டார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இடப்பக்கப் படத்தில் கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே பரந்த மணல். வலப்பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை.

"இன்னா தெரியுது?" என்றார் மிஸ். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது.

குப்பத்துப் பெண் ஒருத்தி எழுந்தாள், எங்கள் பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவள். "மிஸ், கடலு கல்லாண்ட வந்துடுச்சு மிஸ்."

"சரி. அப்ப ஸ்டெப்பு ஏன் குறையல?"

பிள்ளைகள் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தார்கள். "திருப்பிப் போடுங்க சார்" என்றார். போட்டேன். அவர்கள் கண்களைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அவர் பழக்கிய கண்கள், காலையும் கையையும் தவிர வேறெதையும் பார்க்காதவை.

அந்தப் பெண்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மிஸ்... உங்க ஸ்டெப்பு சின்னதாயிடுச்சு மிஸ்."

பின்னாலிருந்து ஒரு பையன், "லெஃப்ட் கை ஆடவே இல்ல மிஸ்" என்றான்.

நானும் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு பெண் இரண்டு கைகளையும் வீசி ஜம்மென்று போகிறாள். வலப்பக்கம் அதே பெண், இடது கை உடம்போடு ஒட்டித் தொங்க, தத்தித் தத்திச் சின்னக் காலடிகளாக வைத்துப் போகிறாள். கரை சுருங்கச் சுருங்க அதை அளந்த கால்களும் சுருங்கிக்கொண்டே வந்திருக்கின்றன! வாரத்துக்கு வாரம் நூலளவுதான் குறைந்ததால், கூடவே நின்ற எங்கள் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அவருக்கே தெரியவில்லை.

மிஸ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அந்தப் பையனைப் பார்த்து, "கரெக்டு. உட்காரு" என்றார்.

தோள் வலி என்று அவர் ஆறேழு மாதமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வாரம் சென்னைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். பள்ளிக்கூட வாசல் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் மட்டும் சொன்னார்.

"நடுக்கவாதமாம் சார். கை நடுங்கவே இல்ல, ஆனாலும் பேரு நடுக்கவாதம். இன்னா கூத்து பார்த்தீங்களா?"

"மாத்திரையில சரியாயிடுமா மிஸ்?"

"சமாளிக்கலாமாம். போவாதாம்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "கரஸுக்குத் தெரிஞ்சா ஏப்ரல்ல கூப்புட மாட்டாரு. பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் ஓட்டிட்டா போதும் சார். நீங்க யாராண்டயும் சொல்லிடாதீங்க."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். பிள்ளைகளிடம் தோள் வலி என்றே சொல்லிவைத்தார். ஹாலிலிருந்த வரைபடத்தை அவரே கழற்றினார், தப்பாக அளந்துவிட்டோம், டேப் வைத்து மறுபடி அளக்கலாம் என்றார். அத்தோடு போயிருக்க வேண்டியது.

பிப்ரவரியில் குப்பத்தில் பஞ்சாயத்துக் கூட்ட முடிவு செய்தார்கள். மேட்டில் மிச்சமிருந்ததையும் வெட்டிக்கொள்ள காண்ட்ராக்டர் அனுமதி கேட்டிருந்தார். புயல் பாதுகாப்புக் கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். தாளாளரையும் அழைத்திருந்தார்கள். எதற்கென்று விசாரித்தேன். எங்கள் ஆண்டு மலரில் வந்த அந்த முழுப் பக்கத்தை காண்ட்ராக்டர் ஜெராக்ஸ் எடுத்து வீடுவீடாகக் கொடுத்திருந்தார். 'நம் கடற்கரை நலமாக உள்ளது.' உங்கள் பிள்ளைகளே அளந்து போட்டது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அதைக் கேள்விப்பட்ட மறுநாள் லேபில் நானும் மிஸ்ஸும் மட்டும் இருந்தோம். நான் ராத்திரி முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

"மிஸ், ரெண்டு படத்துலயும் உங்களை வெட்டி எடுத்துடறேன். வெறும் கல்லும் கடலும் மட்டும் காட்டுவோம்."

"அப்ப அந்த ஜெராக்ஸுக்கு இன்னா பதில்? கணக்கு ஒன்னா கீதே, எப்டின்னு கேப்பான் இல்ல?"

"பசங்க எண்ணும்போது தப்பு பண்ணிட்டாங்கன்னு சொல்லிடலாம். சின்னப் பசங்கதானே."

அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "பசங்க ஒழுங்காத்தான் சார் எண்ணுனாங்க! ஒரு வாரம் தவறல. என் காலு பண்ண தப்ப அவங்க தலையில வெப்பீங்களா? அப்புறம் அதுங்க கண்ண அதுங்களே நம்பாது."

"வேலை போயிடும் மிஸ்."

"தெரியும்" என்றார். சட்டென்று அழுதுவிட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். கால்மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, ப்ரொஜெக்டர் ஒயர் நீளமானதாக எடுத்துவரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்களைத் தார்ப்பாயால் மறைத்து ஹாலை இருட்டாக்கினோம். குப்பமே வந்திருந்தது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் தரையில். தாளாளரும் காண்ட்ராக்டரும் பிளாஸ்டிக் நாற்காலியில். பஞ்சாயத்துத் தலைவர், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட கிழவர், சுவரில் சாய்ந்திருந்தார். நான் படங்களை ஓடவிட்டேன்.

"ஐயோ, கல்லாண்ட வந்துடுச்சே!" என்று ஒரு மீன்காரம்மா கத்தினார். ஹால் முழுக்கச் சலசலப்பு. காண்ட்ராக்டர் எழுந்து ஜெராக்ஸைத் தூக்கிக் காட்டினார்.

"இருங்க, இருங்க. கம்ப்யூட்டர்ல இன்னா வேணா பண்ணலாம். இத்தப் பாருங்க, அவங்க ஸ்கூல் புக்கு. அன்னிக்கு எத்தினி ஸ்டெப்போ, இன்னிக்கும் அத்தினி ஸ்டெப்பு. கடல் கிட்ட வந்திருந்தா ஸ்டெப்பு குறையணுமா இல்லியா?"

"இன்னா டீச்சரம்மா, அவரு கேக்கறதும் நாயந்தானே?" என்றார் தலைவர்.

மிஸ் எழுந்தார். "அவர் சொல்றது சரிதான் நைனா. கணக்கு ஒன்னுதான். பசங்க தப்பா எண்ணல. அந்தப் படத்துல என் காலப் பாருங்க. அப்புறம் என்னப் பாருங்க."

நான் முதல் வெள்ளிக்கிழமைப் படத்தை மட்டும் போட்டேன், அவர் சொல்லிவைத்தபடி. திரையில் பழைய மிஸ் கை வீசிக் கிளம்பினார். அதே நேரம் திரைக்கு முன்னால், ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு, இவர் நடக்க ஆரம்பித்தார். மாத்திரை போட்டுக்கொள்ளாமல் வந்திருக்கிறார் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இடது கை கட்டை மாதிரி தொங்கியது. பாதங்கள் தரையை விட்டு எழவே இல்லை, தேய்த்துத் தேய்த்து நகர்ந்தன. திரையில் இருந்தவர் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர் ஹாலில் பாதி தூரம்கூட வரவில்லை.

நடுவில் நின்றுவிட்டார். வேண்டுமென்று நிற்கவில்லை. கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரமாட்டேன் என்கிறது. அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. ஒரு ஆள் அசையவில்லை, மீன்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இருநூறு பேருக்கு முன்னால் ஒரு மனுஷி சிக்கி நிற்கிறார், எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"லெஃப்ட்!"

தரையிலிருந்து அந்தக் குப்பத்துப் பெண். அழுதுகொண்டே கத்துகிறாள். "ரைட்!" வகுப்பு முழுவதும் சேர்ந்துகொண்டது. "லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்! ரைட்!" கைதட்டிக்கொண்டு கத்தினார்கள். மிஸ்ஸின் கால் எழுந்தது! என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. அந்தச் சத்தத்துக்கு ஒரு கால், அடுத்த சத்தத்துக்கு அடுத்த கால். பெண்களும் தட்ட ஆரம்பித்தார்கள், கிழவரும் தட்டினார், ஹாலே அதிர்ந்தது. அப்படியே நடந்து போய் எதிர்ச் சுவரைத் தொட்டார்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காண்ட்ராக்டரிடம் வந்தார். "நாளையிலேர்ந்து உன் லாரி இங்க எறங்கக் கூடாது. மண்டபமும் வாணாம், ஒன்னியும் வாணாம். போ" என்றார். அன்று மத்தியானமே லாரிப் பாதையின் குறுக்கே நாலு படகுகளை இழுத்துப் போட்டார்கள்.

தாளாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த மனுஷன்தான் ஏப்ரலில் மிஸ்ஸைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு இன்றுவரை அது ஆறவில்லை. அவர் அறைக்கே போய்ச் சத்தம் போட்டேன். "பி.டி. டீச்சர்னா ஓடணும் இல்லீங்களா?" என்றார், மிகவும் மரியாதையாக. ஜூனில் வேறொரு பி.டி. மாஸ்டர் வந்தார். வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்.

ஐப்பசியில் கோவளத்திலிருந்து மிஸ் போன் பண்ணினார். பேச்சு கொஞ்சம் மெதுவாகியிருந்தது. மகளுக்கு அடுத்த வருஷம் படிப்பு முடிகிறது, அதுவரை அண்ணன் வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். தாளாளரை நான் திட்ட ஆரம்பித்ததும் வெட்டிவிட்டார்.

"அத்த வுடுங்க சார். கரை எப்டி கீது?"

"நின்னுடுச்சு மிஸ். மழைக்குக்கூட கடல் இன்னும் உள்ளே வரலை. மணல் கொஞ்சம் ஏறியிருக்குன்னுகூடச் சொல்றாங்க."

அந்தப் பக்கம் மிஸ் சிரித்தார்.

"நீங்க சொன்னா நான் நம்புவேனா? படம் எடுத்து அனுப்புங்க சார். நான் பார்த்துக்கறேன்."